காயம் ஆறுவது வேறு, களத்துக்குத் திரும்புவது வேறு: அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மீட்சிக் கணக்கு

2023 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கினார், பந்தை எறியும் ஆட்டக்காரரான ஆரன் ராட்ஜர்ஸ். நான்காவது ஸ்னாப்பிலேயே (பந்து பின்னால் கைமாறி ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) அவருடைய இடது காலின் அக்கிலீஸ் தசைநாண் அறுந்தது. அப்போது வயது 39. இந்த சீசன் அவ்வளவுதான் என்று எல்லாரும் எழுதினார்கள். நவம்பர் 29 அன்று, பதினோரு வாரத்தில், அவர் பயிற்சிக்குத் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. டிசம்பர் 20 அன்று அணியின் 53 பேர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டார். ஆனாலும் அந்த சீசனில் அதற்குப் பிறகு ஒரு ஸ்னாப்கூட ஆடவில்லை.

அப்படியானால் அவருக்குக் குணமாகிவிட்டதா, இல்லையா? பயிற்சி செய்ய முடிந்தவரால் ஏன் ஆட முடியவில்லை? ஆடப் போவதில்லை என்றால் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள்?

என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகில் ஒரு வீரர் காயத்திலிருந்து திரும்புவது ஒரே நிகழ்வு போலத் தெரிந்தாலும், அதில் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

1. அறுந்ததோ உடைந்ததோ, அது ஒட்டிவிட்டதா?
2. ஒட்டிய உறுப்பு ஆட்டத்தின் வேகத்தையும் மோதலையும் தாங்குமா?
3. லீக் விதிப்படி அவர் ஆட அனுமதி உண்டா?
4. அவரை ஆட வைப்பதில் அணிக்கு லாபம் உண்டா?

செய்தியில் வரும் 'ஆறு வாரத்தில் திரும்புவார்' என்ற வரி பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடைதான். ரசிகர்கள் அதை நான்குக்கும் சேர்த்த விடையாக எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கும் காயம்

அமெரிக்கக் கால்பந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். களத்தில் பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். எதிரணி அதைத் தடுப்பதற்கான முறையான வழி, பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பது. அதாவது, மோதுவதுதான் இங்கே வேலையே.

பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அணியின் மூளையும் அவர்தான், பெரும்பாலும் அதிகச் சம்பளமும் அவருக்குத்தான். பந்தை ஏந்தி ஓடுபவர் ரன்னிங் பேக். குவார்ட்டர்பேக்குக்கு அரணாக முன்னால் நிற்கும் லைன்மேன்கள் பலர் 140 கிலோவைத் தொடுபவர்கள். பந்து பக்கத்தில் வருகிறதோ இல்லையோ, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் இவர்கள் எதிரே நிற்பவரோடு மோதியே ஆக வேண்டும். நெஞ்சுக்கும் தோளுக்கும் காப்பு உண்டு, தலைக்கு ஹெல்மெட் உண்டு. முழங்காலுக்கும் குதிகாலுக்கும் அந்த அளவுக்கு அரண் கிடையாது, இறுக்கிப் பூட்டினால் ஓட முடியாது.

மோதல் மட்டும் காரணமில்லை. முழங்கால் தசைநார் அறும் காயங்களில் கணிசமானவை யாரும் தொடாமலே நடக்கின்றன. முழு வேகத்தில் ஓடும் வீரர் சட்டென்று திசை மாற்றுகிறார். ஷூவின் ஆணிகள் தரையைப் பிடித்துக்கொள்கின்றன. பாதம் அங்கேயே நிற்க, உடம்பு திரும்பிவிடுகிறது. இடையில் இருக்கும் முழங்கால் அந்த முறுக்கைத் தாங்குவதில்லை. செயற்கைப் புல் தரை ஆணியை எளிதில் விடுவதில்லை என்பதால் எல்லா மைதானங்களுக்கும் இயற்கைப் புல் வேண்டும் என்று வீரர்கள் சங்கம் கேட்டுவருகிறது. ராட்ஜர்ஸின் காயத்துக்குப் பிறகு அந்தக் குரல் இன்னும் ஓங்கியது. கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் புல் போட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. பின்னால் பார்க்கப்போகும் மூன்று பெரிய காயங்கள் நடந்தது, மேரிலாந்தில் வாஷிங்டன் அணி ஆடும் ஒரே மைதானத்தில். அது இயற்கைப் புல் தரைதான்.

2021 முதல் ஒவ்வோர் அணியும் சீசனுக்கு 17 போட்டிகள் ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு அடுத்த வியாழக்கிழமையே மறுபடி ஆட வேண்டிய வாரங்களும் உண்டு. சின்னத் தசைப்பிடிப்பு ஆறுவதற்குக்கூட அவகாசம் இருக்காது.

## எது எப்படி ஆறுகிறது

எலும்புக்குத் தன்னைத்தானே முழுதாகச் சீர்செய்துகொள்ளும் திறன் உண்டு. நன்றாகப் பொருத்தி அசையாமல் வைத்தால், சில மாதங்களில் பழைய வலுவுக்கே திரும்பிவிடும். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அதுவும் ஓரளவு விரைவாக ஆறும், ஆனால் ஆறிய இடத்தில் தழும்பு விழும். அதே தசை திரும்பத் திரும்பக் கிழிவதற்கு அந்தத் தழும்பும் ஒரு காரணம். உண்மையான தலைவலி, எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் தசைநாரும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும்தான். இரண்டுக்கும் ரத்த ஓட்டம் குறைவு.

செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஏ.சி.எல். என்பது முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடும் ஒரு தசைநார். கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும், முழங்கால் தப்பாக முறுக்கிக்கொள்ளாமலும் அது பார்த்துக்கொள்கிறது. முழுதாக அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. மற்ற இடங்களில் ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல்தான் புதுத் திசு வளரும். முழங்காலுக்குள் இருக்கும் மூட்டுத் திரவத்தில் அந்த உறைவு நிலைப்பதில்லை. அறுந்த இரு முனைகளையும் இணைக்கப் பாலம் இல்லாமல் போகிறது.

அதனால் அறுவை மருத்துவர்கள் அதைத் தைப்பதை விட்டுவிட்டு, புதிதாக ஒன்றை வைக்கிறார்கள். என்.எஃப்.எல். வீரர்களுக்குப் பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணின் நடுப்பகுதியை, இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு வெட்டி எடுப்பார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, அந்தப் பட்டையை உள்ளே செலுத்தித் திருகாணியால் இறுக்குவார்கள்.

இதற்குப் பிறகு நடப்பது பலருக்கும் தெரியாது. முழு விஷயத்துக்கும் திறவுகோலே அதுதான். பட்டையை எடுத்த கணமே அதன் ரத்த ஓட்டம் போய்விடுகிறது. உள்ளிருக்கும் செல்கள் மடிகின்றன. பிறகு சுற்றியுள்ள திசுவிலிருந்து மெல்ல ரத்தக் குழாய்கள் ஊடுருவி, புதுச் செல்கள் குடியேறி, அது தசைநாராக மாறத் தொடங்குகிறது. பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடி, வேர் பிடித்த பிறகே நிமிர்வதைப் போல, இந்தப் பட்டையும் வைத்த நாளைவிடச் சில வாரம் கழித்துத்தான் வலுக்குறைந்து இருக்கும். இரண்டு, மூன்று மாதக் கட்டத்தில் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. அதே கட்டத்தில்தான் வீக்கம் வடிந்து, வலி போய், வீரர் 'எனக்குச் சரியாகிவிட்டது' என்று உணர்கிறார். உடம்பு சொல்வதும் உள்ளே நடப்பதும் நேர் எதிராக இருக்கும் நேரம் அது. நல்ல பிசியோதெரபிஸ்டின் பெரிய வேலை அப்போது வீரரை இழுத்துப் பிடிப்பதுதான்.

பட்டை முழுதாகப் பக்குவப்பட ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஒன்பது மாதத்துக்கு முன்னால் களமிறங்குபவர்களுக்கு மறுபடி அறும் அபாயம் தெளிவாகக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலண்டர் மட்டும் போதாது. காயம்பட்ட காலின் தொடைத் தசை மற்றக் காலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவும் சோதனைகளில் இரு கால்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். முழங்கால் வீங்கினால் மூளை அந்தத் தொடைத் தசையை முழுதாக இயக்க விடுவதில்லை, சில நாட்களிலேயே தசை சுருங்கிவிடும். அதை மீட்டெடுப்பதிலேயே மாதக்கணக்கு போய்விடும்.

அக்கிலீஸ் கதை கொஞ்சம் வேறு. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் இந்தத் தசைநாண், ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. குதிகாலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே ரத்த ஓட்டம் குறைந்த பகுதிதான் வழக்கமாக அறும் இடம். தைத்தால் ஒட்டும். ஆனால் சற்றே நீண்டு ஒட்டிவிட்டால், தரையை உந்தித் தள்ளும் சக்தி குறைந்துவிடும். சாதாரண மனிதருக்கு அது தெரியவே தெரியாது. முதல் இரண்டு அடியிலேயே எதிரியை விட்டு விலக வேண்டிய வீரருக்கு அதுதான் பிழைப்பு.

ராட்ஜர்ஸுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் செய்த அறுவை சிகிச்சையில், தையலோடு சேர்த்து வலுவான நாடா ஒன்றையும் குதிகால் எலும்பில் நங்கூரமிட்டுப் பொருத்தினார்கள். தசைநாண் ஒட்டும்வரை பாரத்தை அந்த நாடா பகிர்ந்துகொள்வதால், காலைச் சீக்கிரமே அசைக்கத் தொடங்கலாம். பதினோரு வாரத்தில் அவர் பந்தெறிந்து பயிற்சி செய்ய முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் யாரும் மோதாத பயிற்சியில் நின்று எறிவதும், 130 கிலோ ஆள் துரத்தும்போது தப்பித்து ஓடுவதும் ஒன்றல்ல. 2024 சீசனில் அவர் 17 போட்டிகளிலும் களமிறங்கினார். அதுவரை சரியாக ஓராண்டு ஆகியிருந்தது.

## ஒரே மைதானம், இரண்டு முழங்கால்கள்

2011 டிசம்பர் 24 அன்று மினசோட்டா அணியின் ரன்னிங் பேக் ஏட்ரியன் பீட்டர்சனுக்கு வாஷிங்டன் அணியின் மைதானத்தில் இடது முழங்கால் ஏ.சி.எல். அறுந்தது, கூடவே பக்கவாட்டுத் தசைநாரும். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அதே மாதம் சிகிச்சை செய்தார். எட்டு மாதம் கழித்து, 2012 சீசனின் முதல் போட்டியிலேயே பீட்டர்சன் ஆடினார். அந்த சீசனில் 2,097 யார்டு ஓடினார். எரிக் டிக்கர்சன் 1984-இல் வைத்த 2,105 யார்டு சாதனையைத் தொட எட்டு யார்டுதான் பாக்கி. லீகின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்கே போனது.

2013 ஜனவரி 6 அன்று அதே மைதானத்தில், வாஷிங்டனின் இளம் குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின். அந்த சீசனின் சிறந்த அறிமுக ஆட்டக்காரர். டிசம்பரிலேயே வலது முழங்காலில் அடிபட்டு, ஒரு போட்டியில் மட்டும் உட்கார்ந்துவிட்டு, முழங்கால் தாங்கி அணிந்து ஆடிக்கொண்டிருந்தார். அன்றைய பிளேஆஃப் போட்டியில், ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் முதலாவதிலேயே நொண்டத் தொடங்கினார். பார்த்தவர் அனைவருக்கும் தெரிந்தது. அவரை வெளியே எடுக்கவில்லை. நான்காம் பகுதியில் தாழ்வாக வந்த ஒரு பந்தை எடுக்கக் குனிந்தபோது முழங்கால் மடங்கிச் சரிந்தது. இரண்டு தசைநார்கள் சேதம். அவரை ஆட அனுமதித்தது யார், மருத்துவரா பயிற்சியாளரா என்பது பிறகு பெரும் சர்ச்சையானது.

அவருக்கும் ஆண்ட்ரூஸ்தான் சிகிச்சை செய்தார். அவரும் எட்டு மாதத்தில், அடுத்த சீசனின் முதல் போட்டியிலேயே திரும்பினார். ஆனால் பழைய கிரிஃபின் திரும்பவில்லை. அந்த சீசனின் கடைசி மூன்று போட்டிகளில் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் 2012-இன் உயரத்தைத் தொடவில்லை.

மருத்துவர் ஒன்று, கால அளவு ஏறக்குறைய ஒன்று, முடிவு மட்டும் தலைகீழ். ஏன்? கிரிஃபினுக்கு 2009-இல் கல்லூரி நாட்களிலேயே அதே முழங்காலில் ஏ.சி.எல். அறுந்திருந்தது. அதாவது இது இரண்டாம் முறை. இரண்டாவது சிகிச்சைக்கு எப்போதும் பலன் குறைவு. இதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பீட்டர்சன் ஒரு விதிவிலக்கு. ஆனால் 2012-க்குப் பிறகு அவரையே அளவுகோலாக வைத்து, 'அவர் எட்டு மாதத்தில் வந்தாரே' என்று மற்றவர்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். ஓர் அபூர்வத்தை எல்லாருக்குமான கெடுவாக மாற்றியது இந்த விளையாட்டுக்கு நேர்ந்த கேடு.

திரும்பி வந்தவர் மறுபடி விழுவதும் உண்டு. எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவரான ஓடெல் பெக்கம் ஜூனியருக்கு 2020 அக்டோபரில் இடது முழங்கால் ஏ.சி.எல். அறுந்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து, 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், யாரும் மோதாமலே அதே முழங்கால் மறுபடியும் போனது.

## அலெக்ஸ் ஸ்மித்தின் கால்

எலும்பு முறிவு எளிதில் ஆறும் என்று மேலே சொன்னோம். அந்தப் பொது விதி எங்கே உடைகிறது என்பதற்கு அலெக்ஸ் ஸ்மித்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

2018 நவம்பர் 18, மீண்டும் அதே மைதானம். வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஸ்மித்தை ஹூஸ்டன் அணியின் இருவர் சேர்ந்து சாய்த்தபோது, வலது கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் முறுக்கி உடைந்தன. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில், 1985 நவம்பர் 18 அன்று, இதே அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனுக்கும் வலது கால் உடைந்தது. தைஸ்மன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

தோல் கிழிந்த முறிவுக்கும் கிழியாத முறிவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிழிந்தால் கிருமிக்கு வாசல் திறந்துவிடுகிறது. கீழ்க்காலின் முன்புறம் எலும்புக்கு மேல் தோலைத் தவிரப் பெரிதாகச் சதையே கிடையாது என்பதால் ரத்த ஓட்டமும் குறைவு. ஸ்மித்துக்கு எலும்பைப் பொருத்தி முடித்த சில நாட்களில் காய்ச்சல் கண்டது. கட்டைப் பிரித்துப் பார்த்தபோது கால் கொப்புளித்துக் கறுத்திருந்தது. சதையை அரித்துக்கொண்டே பரவும் பாக்டீரியா தொற்று. அது ரத்தத்திலும் கலந்து செப்சிஸ் ஆனது. அப்போது பேச்சு ஆட்டத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. முதலில் உயிர், பிறகு கால் என்பதுதான் வரிசை. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்கும் வழியும் குடும்பத்தின் முன் வைக்கப்பட்டது.

அழுகிய சதையைத் தவணை தவணையாக வெட்டி அகற்றினார்கள். எஞ்சியது எலும்பும் சிறிது தசையும். எலும்பை மூடுவதற்கு இடது தொடையிலிருந்து தசையை எடுத்து, ரத்தக் குழாய்களோடு வலது காலில் பதித்தார்கள். காலுக்கு வெளியே வளையங்களும் கம்பிகளுமான உலோகச் சட்டம் மாதக்கணக்கில் இருந்தது. மொத்தம் 17 அறுவை சிகிச்சைகள்.

மருத்துவர்கள் கண்ட ஒப்புமை விளையாட்டு மைதானத்திலிருந்து வரவில்லை, போர்க்களத்திலிருந்து வந்தது. கண்ணிவெடியில் சிக்கிய சிப்பாய்களின் கால்தான் இப்படி இருக்கும். ஆகவே சிறப்பு அனுமதி பெற்று, டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள ராணுவ மறுவாழ்வு மையத்துக்குப் போனார். பாதத்தை மேலே தூக்கும் தசைகள் போய்விட்டதால் அவருக்கு நடக்கும்போது பாதம் தொங்கும். அதற்குக் கார்பன் ஃபைபர் தாங்கி அணிந்தார். கையிழந்த, காலிழந்த சிப்பாய்கள் மத்தியில் பயிற்சி செய்தபோதுதான் மறுபடி பந்தெறியும் எண்ணம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

693 நாள் கழித்து, 2020 அக்டோபர் 11 அன்று, முதன்மை குவார்ட்டர்பேக் அடிபட்டதால் ஸ்மித் உள்ளே போனார். லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியின் ஆரன் டானல்ட், லீகிலேயே மிகவும் அஞ்சப்படும் தடுப்பாட்டக்காரர், அவர் முதுகில் தாவி ஏறிச் சாய்த்தார். பார்வையாளர் பகுதியில் மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். ஸ்மித் எழுந்து நின்றார். அன்றைய கணக்கு வெறும் 37 யார்டு எறிதல், அணியும் தோற்றது. ஆனால் கால் தாங்கியது. அந்த சீசனில் அவர் தொடக்கத்திலிருந்தே ஆடிய ஆறு போட்டிகளில் ஐந்தில் வாஷிங்டன் வென்றது, பிரிவிலும் முதலிடம் பெற்றது. மீண்டு வந்த சிறந்த வீரருக்கான விருது அவருக்குக் கிடைத்தது.

மீண்ட கதைகள் பொதுவாக இங்கே நிறுத்தப்படும். நிறுத்தக்கூடாது. சீசனின் இறுதியில் அதே வலது காலின் கெண்டைக்கால் தொந்தரவால் பிளேஆஃப் போட்டியில் ஆட முடியாமல் போனது. 2021 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. ஏப்ரலில் ஓய்வு பெற்றார். முதல் கேள்விக்கு, ஒட்டியதா என்பதற்கு, அபூர்வமான 'ஆம்' கிடைத்தும் மற்றக் கேள்விகள் அவரை விடவில்லை.

## பட்டியல் என்னும் காகித உலகம்

இனி மூன்றாவது கேள்வி, லீக் விதி. இங்கே செய்திகளில் வரும் சில பெயர்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. 53 பேர் பட்டியல்: சீசனில் ஓர் அணி வைத்துக்கொள்ளக்கூடிய வீரர்கள் இவ்வளவுதான். காயம்பட்டவரும் ஓர் இடத்தை அடைத்துக்கொள்வார்.

2. இஞ்சூர்டு ரிசர்வ்: அந்த இடத்தைக் காலி செய்வதற்காக, நீண்ட காயம் பட்டவரை மாற்றும் தனிப் பட்டியல். இப்போதைய விதிப்படி இதில் போனால் குறைந்தது நான்கு போட்டிகளில் ஆட முடியாது. ஒரு சீசனில் இப்படித் திரும்ப அழைக்கவும் அணிக்கு வரம்பு உண்டு. இரண்டு வாரத்தில் ஆறிவிடும் காயமாக இருந்தாலும், இடம் தேவைப்பட்டால் வீரரை இதில் போட்டுவிடுவார்கள். அப்போது அவர் நான்கு போட்டி வெளியே இருப்பதற்கும் அவர் உடம்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

3. 21 நாள் அவகாசம்: இந்தப் பட்டியலில் இருப்பவர் பயிற்சிக்கு வந்ததும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். 21 நாளுக்குள் 53 பேரில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த சீசன் முழுக்க வெளியேதான். ராட்ஜர்ஸ் புதிரின் விடை இங்கே இருக்கிறது. நவம்பர் 29-இல் தொடங்கிய அவகாசம் டிசம்பர் 20-இல் முடிந்தது. அவர் தொடர்ந்து பயிற்சி செய்ய வேண்டுமானால் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பே ஜெட்ஸின் பிளேஆஃப் வாய்ப்பு முடிந்துவிட்டது. முழுதாகத் தயாராகாத காலை வைத்து ஆட ஒரு காரணமும் மிச்சமில்லை.

4. வாராந்தரக் காய அறிக்கை: போட்டிக்கு முன் ஒவ்வோர் அணியும் யார் 'அவுட்' (ஆடமாட்டார்), யார் 'டவுட்ஃபுல்' (ஆடுவது சந்தேகம்), யார் 'கொஸ்சனபிள்' (ஆடலாம், ஆடாமலும் போகலாம்) என்று வெளியிட வேண்டும். சூதாட்டக்காரர்கள் அணியின் ரகசியத் தகவலை வைத்துச் சம்பாதிப்பதைத் தடுப்பதுதான் இதன் அடிப்படை நோக்கம். மருத்துவ அறிக்கை என்று இதை வாசிக்கக்கூடாது. 'கொஸ்சனபிள்' என்று வந்தவர் வலி மருந்து போட்டுக்கொண்டு ஆடுவது சாதாரணம்.

## பணம் யாருக்குக் காத்திருக்கும்

இனி நான்காவது கேள்வி, லாபக் கணக்கு. ஸ்மித் 2018-இல் வாஷிங்டனோடு செய்த ஒப்பந்த நீட்டிப்பு நான்கு ஆண்டுக்கு 94 மில்லியன் டாலர், அதில் 71 மில்லியன் உத்தரவாதம் என்று அறிவிக்கப்பட்டது. கால் உடைந்தாலும் அந்தப் பணம் போகாது. இரண்டு ஆண்டு பொறுமையாக மீண்டு வர அவருக்கு அவகாசம் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாருக்கும் அந்த நிழல் கிடையாது. என்.எஃப்.எல். ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும் மொத்தத் தொகை ஒன்று, உத்தரவாதமான தொகை வேறொன்று. உத்தரவாதம் தீர்ந்தவரை அணி சீசன் முடிந்ததும் கைகழுவலாம். சீசன் நடுவே அடிபட்டால் அந்த ஆண்டுச் சம்பளத்துக்குப் பாதுகாப்பு உண்டு, அடுத்த ஆண்டுக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், கடைசிச் சுற்றுகளில் தேர்வான இளம் வீரர்களின் ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருக்கும்: ஆடத் தகுதியோடு இருந்தால் ஒரு சம்பளம், காயப் பட்டியலுக்குப் போனால் குறைந்த சம்பளம்.

பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் ஆறாம் சுற்றில் தேர்வானவர். 2023 ஜனவரி 2 அன்று எதிராளியைச் சாய்த்துவிட்டு எழுந்து நின்றவர், அப்படியே மல்லாந்து விழுந்தார். இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு நொடிப்பொழுதில் நெஞ்சில் அடி விழுந்தால், ஆரோக்கியமான இதயமும் தாளம் தவறி நின்றுவிடும். களத்திலேயே நெஞ்சை அமுக்கி, மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டார்கள். அவருடைய ஒப்பந்தத்திலும் அந்தக் குறைந்த சம்பளப் பிரிவு இருந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்ததால், முழுச் சம்பளமும் தருவதென்று லீகும் அணியும் வீரர்கள் சங்கமும் ஒப்புக்கொண்டன. நல்லதுதான். கேமரா பார்க்காத போட்டிகளில் முழங்கால் அறும் ஆறாம் சுற்று வீரர்களுக்கு அதே பிரிவு அப்படியே பொருந்துகிறது.

இதயத்தின் அமைப்பில் கோளாறு இல்லாததால் ஹாம்லின் அடுத்த சீசனிலேயே ஆடத் திரும்பினார். பார்க்கப் பதறவைக்கும் காயமும், நெடுநாள் முடக்கும் காயமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வேலை நிரந்தரமில்லாத இடத்தில் 'எனக்கு வலிக்கிறது' என்று யார் சொல்வார்கள்? தன் இடத்துக்கு இன்னொருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்த வீரர் வலியை மறைக்கிறார். அணி மருத்துவருக்குச் சம்பளம் தருவது அணி. இந்தச் சூழலில் எடுக்கப்படும் 'ஆடலாம்' என்ற முடிவை வெறும் மருத்துவ முடிவாக மட்டும் பார்க்க முடியாது.

## ஸ்கேனில் தெரியாத காயம்

காலுக்குச் சொன்ன எல்லாக் கணக்கும் தலைக்கு வந்தால் தடுமாறிவிடுகிறது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மருத்துவர் நம்பியிருப்பது அறிகுறிகளையும் வீரரின் வாய்மொழியையும்தான்.

லீகின் நடைமுறை ஐந்து படிகள் கொண்டது: ஓய்வும் லேசான நடமாட்டமும், இதயத் துடிப்பைக் கூட்டும் பயிற்சி, ஆட்டத்துக்கான அசைவுகள், மோதலில்லாத குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி. கடைசியில் அணியைச் சாராத நரம்பியல் நிபுணரும் ஒப்புதல் தர வேண்டும்.

2022 செப்டம்பர் 25, ஞாயிறு. மயாமி அணியின் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா தலை தரையில் மோத விழுந்தார். எழுந்து சில அடி நடப்பதற்குள் கால் பின்னித் தடுமாறினார். முதுகில் அடி என்று அணி விளக்கம் சொன்னது, அவரும் ஆட்டத்துக்குத் திரும்பினார். நான்கு நாள் கழித்து வியாழக்கிழமை மறுபடி சாய்க்கப்பட்டபோது, அவருடைய விரல்கள் முகத்துக்கு நேரே விறைத்து நின்றன. ஸ்டிரெச்சரில் கொண்டுபோனார்கள். அடுத்த மாதமே விதி மாறியது. நடையிலோ பேச்சிலோ தடுமாற்றம் தெரிந்தால், காரணம் எதுவானாலும் அன்று மறுபடி ஆட முடியாது. அந்த ஞாயிறன்று தொலைக்காட்சியில் பார்த்தவர்களே கண்டுகொண்ட ஒன்றை விதியில் எழுத ஓர் இளைஞர் இப்படி விழ வேண்டியிருந்தது.

ஒரே அடியைவிடப் பயமுறுத்துவது, ஆண்டுக்கணக்கில் சேரும் சின்னச் சின்ன அடிகள். பிட்ஸ்பர்க் அணியின் முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் தம் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த நோயியல் மருத்துவர் பென்னட் ஓமலு, சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவு நோயை அதில் கண்டு 2005-இல் வெளியிட்டார். உயிரோடு இருக்கும்போது இதை உறுதி செய்ய வழியில்லை, இறந்த பிறகே மூளையைச் சோதித்துச் சொல்ல முடியும். 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்த 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் அது இருந்தது. இந்த எண்ணைக் கவனமாக வாசிக்க வேண்டும். ஏற்கெனவே அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்ட குடும்பங்கள் பெரும்பாலும் தானமாகத் தந்த மூளைகள் இவை. எல்லா வீரருக்கும் இதே விகிதம் என்று ஆகாது. ஆனால் அக்கறையில்லாமல் கடந்துபோகக்கூடிய எண்ணும் அல்ல.

இங்கே மீட்சி என்பதற்கே இடமில்லை. அறிகுறி போனால் களத்துக்குத் திரும்பலாம், உள்ளே சேர்ந்தது கரைந்துவிட்டதா என்று சொல்ல எந்தச் சோதனையும் இல்லை.

## போதும் என்று சொன்னவர்

2019 ஆகஸ்ட் 24 அன்று, இண்டியானாபொலிஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் தம் 29 வயதில் ஓய்வை அறிவித்தார். அவர் மைதானத்தில் இருக்கும்போதே செய்தி கசிந்துவிட, சொந்த அணி ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அனுப்பினார்கள். அவர் கடந்துவந்த பட்டியலைப் பாருங்கள்: விலாக் குருத்தெலும்பு கிழிவு, சிறுநீரகக் கிழிவு, வயிற்றுத் தசைக் கிழிவு, மூளை அதிர்ச்சி, 2017 முழுவதையும் விழுங்கிய தோள்பட்டைக் காயம், கடைசியில் கெண்டைக்காலும் கணுக்காலும். 2018-இல் மீண்டு வந்த சிறந்த வீரர் விருதை வாங்கியவர் அவர். காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம் என்ற சுழற்சி ஆட்டத்தின் மேலிருந்த ஆசையையே தின்றுவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். தினமும் அதே ரப்பர் பட்டையை இழுப்பது, அதே படியில் ஏறி இறங்குவது, நேற்றைவிட இரண்டு டிகிரி கூடுதலாக மடிகிறதா என்று பார்ப்பது: மாதக்கணக்கில் இதைச் செய்தவருக்குத்தான் அந்தச் சோர்வு தெரியும். கூச்சலிட்டவர்கள் பார்த்தது அவர் ஆடாமல் போகும் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும்தான்.

## ஓய்வுக்குப் பிறகு வரும் பில்

ஏ.சி.எல். அறுந்த முழங்கால், சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானத்துக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம். அப்போது வீரருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. லீக் கணக்கில் மூன்று சீசன்களாவது சேர்ந்தவர்களுக்குத்தான் ஓய்வுக்குப் பிறகு லீகின் மருத்துவக் காப்பீடு தொடர்கிறது, அதுவும் ஐந்து ஆண்டுக்கு. சராசரி வீரரின் ஆட்ட வாழ்வு மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் என்பது வீரர்கள் சங்கம் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. அதாவது முதல் பெரிய காயத்திலேயே வெளியேறும் பலர் அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை. தொட்டவர்களுக்கும் முழங்கால் நிஜமாகத் தொந்தரவு தரத் தொடங்கும் காலத்தில் காப்பீடு முடிந்திருக்கும்.

மூளைப் பாதிப்புக்காக முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2013-இல் 765 மில்லியன் டாலருக்கு லீக் ஒப்புக்கொண்டது. அது போதாது என்று நீதிபதி தயங்கியதால், உச்சவரம்பு நீக்கப்பட்டு 2015-இல் அனுமதி கிடைத்தது. அந்த இழப்பீட்டுக்கான சோதனைகளில் கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்ததாக வைத்துக்கொள்ளும் கணக்குமுறை புகுந்திருந்தது. அதனால் அதே அளவு பாதிப்பு இருந்தும் அவர்களில் பலர் தகுதி பெறுவது கடினமானது. முன்னாள் வீரர்கள் இருவர் 2020-இல் நீதிமன்றம் போன பிறகுதான் அந்த முறை கைவிடப்பட்டது. பழைய முறையில் மதிப்பிடப்பட்டவர்கள் தங்கள் மதிப்பெண்ணை மறுபடி கணக்கிடக் கேட்கும் உரிமை 2022-இல் கிடைத்தது.